தூள் படாத பழைய புடவை

வேப்பந்தட்டை
12.3.2025

அன்புள்ள புவனாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, உன் அத்தை மூவரும் சுகம்தானே? மற்ற இருவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், முதலில் உன் சுகத்தைத்தான் கேட்கிறேன்.

நீ போனில் சொன்ன செய்தியை உன் அண்ணன் என்னிடம் வந்து சொன்ன அழகைப் பார்த்திருக்க வேண்டும். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு, "புவனா முழுகாம இருக்காளாம்" என்றார். அவ்வளவுதான், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "இதுக்கு ஏன் அழுவுறீங்க?" என்றேன். "நான் எங்க அழுவுறேன், பீடித்தூள் கண்ணுல விழுந்துடுச்சு" என்றார். தூள் பக்கமே வராத மனுஷன்!

ஏன் போனில் பேசாமல் கடிதம் என்று கேட்பாய். நம் வீட்டுப் போனில் நான் பேசினால் அந்தப் பக்கம் கேட்பதில்லை. உன் அண்ணன் குரல் மட்டும் கேட்கிறது. அவர் பேசினால் போன் இல்லாமலே உங்கள் கீழப்பழுவூரில் கேட்கும். அதனால் தபால் ஆபீஸில் போய் இன்லண்ட் லெட்டர் கேட்டேன். "யாருக்குங்க, மிலிட்டரியிலயா இருக்காங்க?" என்று கேட்டார் அங்கிருந்த அம்மா. ஆமாம், என் நாத்தனார் பெரிய ஜெனரல் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உனக்கு இரண்டு தடவை கரு நின்று கலைந்தது. இந்தத் தடவை கவனமாக இரு. பஸ்ஸில் நின்றுகொண்டு அரியலூருக்கு வேலைக்குப் போகாதே. சீட் இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் போ, உன் கம்ப்யூட்டர் எங்கும் ஓடிவிடாது.

நீ பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த நீலப் புடவையைக் கட்டினேனா என்று அண்ணனைத் துளைக்கிறாயாம். கட்டவில்லை. பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நான் எதைக் கட்டினாலும் மடியில் பீடி சுற்றும் முறம் ஏறி உட்கார்ந்துவிடும். அவ்வளவு நல்ல பருத்திப் புடவையில் பீடித்தூளைக் கொட்டி வைக்க மனசு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அண்ணி,
அம்சவள்ளி


கீழப்பழுவூர்
25.3.2025

என் அன்பு அண்ணிக்கு,

ஜெனரல் புவனேஸ்வரி வணக்கத்துடன் எழுதும் மடல். இங்கே எல்லோரும் நலம். எனக்கு வாந்திதான். காலையில் அத்தை காபியை நீட்டினால் அதை வாங்குவதற்கு முன்பே ஓடுகிறேன். "என் காபி அவ்வளவு மோசமா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். உங்களுக்கும் அண்ணனுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். போன் பேச்சை இப்படித் திரும்பத் திரும்ப வைத்துக்கொள்ள முடியாது. ஒரு விதத்தில் போன் கெட்டது நல்லதுதான்.

போன வாரம் எங்கள் இ-சேவை மையத்துக்கு ஒரு அம்மா வந்தார். கைரேகை எந்த விரலிலும் விழவில்லை. பத்து விரலையும் துடைத்துத் துடைத்து வைக்கிறார், மெஷின் சிவப்பாகவே எரிகிறது. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "பீடி சுத்துவீங்களாம்மா?" என்றேன். "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தேன்! இலையைச் சுருட்டிச் சுருட்டி நுனியெல்லாம் கண்ணாடியாகத் தேய்ந்த விரல்கள் பிசைந்த சோற்றைத்தானே ஒன்பது வயதிலிருந்து தின்றேன். அம்மா போன வீட்டுக்கு நீங்கள் புதுப்பெண்ணாக வந்து, உங்கள் ரேகையைத் தேய்த்து என்னை பி.காம் வரை கொண்டுவந்தீர்கள். நன்றி என்று சொன்னால் அடிப்பீர்கள். எழுதினால் அடிக்க முடியாது. நன்றி அண்ணி, நன்றி, நன்றி.

ஒன்று கேட்கிறேன், தர வேண்டும். பிள்ளை பிறந்தால் முதலில் தாய் வீட்டுப் பழைய புடவையில்தானே சுற்றுவார்கள்? உங்கள் பழைய பருத்திப் புடவை ஒன்றை எடுத்து வையுங்கள். ரோஜாப் பூ போட்டது, நான் ஸ்கூல் படிக்கும்போது கட்டுவீர்களே, அது. அதில் தலை வைத்துத்தான் எனக்குத் தூக்கமே வரும்.

அண்ணன் போனில் பேசும்போது பின்னால் யாரோ விடாமல் இருமுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கொளஞ்சி அக்காவா? ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

அன்பு மாறாத,
புவனா


வேப்பந்தட்டை
30.4.2025

அன்புள்ள புவனாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் வீட்டில் அனைவரின் நலமும் அறிய ஆவல். வாந்தி நின்றதா? இந்த வெயிலுக்கு நீர்மோர் குடி.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே வேலை அதிகம். இலை சரியாக வரவில்லை, ஓட்டையும் நரம்புமாக இருக்கிறது. ஏஜெண்டு செல்லப்பன் பாதிப் பீடியைக் கழித்துப் போடுகிறார். நான் ரேஷன் கடையில் ரேகை விழாமல் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குகிறேன். அதையெல்லாம் பெரிதாக எழுதுகிறாயே. நீ படித்தாய், பாஸ் செய்தாய். நான் எழுதப் போனேனா பரீட்சை?

இருமியது கொளஞ்சிதான். சொல்லிவிட்டேன்.

உனக்குச் சளி, இருமல், சாயங்காலத்தில் காய்ச்சல் எதுவும் இல்லையே? இருந்தால் மாதாமாதம் செக்கப் போகிறாயே, அங்கே டாக்டரிடம் மறைக்காமல் சொல். மாப்பிள்ளைக்கும் அத்தைக்கும் இருந்தாலும் சொல்லச் சொல். சும்மாதான் கேட்கிறேன்.

உன் அண்ணன் அடுத்த வாரம் அரியலூர் வருகிறார். பிள்ளைக்குத் துணி கொடுத்து அனுப்புகிறேன்.

உன் அண்ணி,
அம்சவள்ளி


கீழப்பழுவூர்
12.5.2025

அன்பு அண்ணிக்கு,

புவனா எழுதுவது. எல்லோரும் நலம். எனக்கு இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஐந்தாம் மாதம். வயிறு லேசாகத் தெரிகிறது.

அண்ணன் வந்தார். பையைப் பிரித்தேன். பெரம்பலூர் கடையில் வாங்கிய புதுத் துண்டு நான்கு, கரடி பொம்மை போட்ட புதுச் சட்டை, குல்லாய். அத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே மடித்துப் பையிலேயே வைத்துவிட்டார். அதுதான் எனக்கு வலித்தது. பிறந்த குழந்தை மேல் முதலில் புதுசு படக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள். கொளஞ்சி அக்காவின் பேரன் பிறந்தபோது உங்கள் புடவையைக் கிழித்துக் கொடுக்கவில்லையா? நான் கேட்டது அந்த ரோஜாப் பூ புடவைதானே அண்ணி.

சரி, விடுங்கள். வந்து எடுத்துக்கொள்கிறேன். ஆனி கடைசியில் ஏழாம் மாதம். ஆடி பிறப்பதற்கு முன்பு வளையல் போட்டு என்னைக் கூட்டிப்போக வேண்டும். "உங்க அண்ணி எப்ப வர்றாங்களாம்?" என்று அத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டார். தேதி எழுதுங்கள். முழுசாக நாலு மாதம் உங்களுடன் இருக்கப் போகிறேன். சும்மா உட்கார மாட்டேன், பயப்படாதீர்கள். பொங்கலுக்குச் செய்த மாதிரி தினமும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சுற்றித் தருகிறேன்.

அன்புடன்,
புவனா


வேப்பந்தட்டை
2.6.2025

புவனாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

வீட்டில் ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டிருக்கிறது. இந்த நிலைமையில் நீ இங்கே வந்தால் சிரமப்படுவாய். அங்கிருந்து அரியலூர் ஆஸ்பத்திரி பக்கம். பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது. வளைகாப்பையும் உன் அத்தையையே செய்யச் சொல். நான் பிறகு வந்து பார்க்கிறேன்.

சுற்றும் வேலைக்கு நீ வர வேண்டாம். அதைத் தொடவே வேண்டாம்.

அண்ணி


கீழப்பழுவூர்
9.6.2025

அண்ணிக்கு,

நான் நலம்தான்.

ஓடு மாற்றி முடிந்ததா என்று அண்ணனிடம் போனில் கேட்டேன். "எந்த ஓடு?" என்றார். பிறகு, "ஆமா ஆமா, ஓடு" என்றார். எனக்கு வாய்த்த அண்ணனுக்குப் பொய் சொல்லவே வராது.

நேராகவே கேட்கிறேன். நான் உங்களுக்குப் பாரமாகிவிட்டேனா? இத்தனை வருஷம் சுமந்தது போதும் என்று தோன்றிவிட்டதா? அப்படியென்றால் அதையே எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். ஆனால் வளைகாப்பு அன்று தாய் வீட்டிலிருந்து யாரும் வராமல் இந்தத் தெருவுக்கு முன்னால் வளையல் போட்டுக்கொள்ள என்னால் முடியாது. அப்படி ஒரு வளைகாப்பே வேண்டாம்.

இனி அண்ணன் போன் செய்தாலும் எடுக்க மாட்டேன். உங்கள் பதிலைப் பார்த்துப் பேசுகிறேன்.

புவனேஸ்வரி


வேப்பந்தட்டை
20.6.2025

என் தங்கமே, புவனா,

சுகமாக இரு. என் சுகத்தைப் பற்றி இதுவரை எழுதியதெல்லாம் பொய்.

எனக்கு டி.பி. ஏப்ரல் கடைசியில் சளியைச் சோதித்துச் சொன்னார்கள். 29-ஆம் தேதியிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். இருமியது கொளஞ்சி இல்லை, நான். போன் நன்றாகத்தான் இருக்கிறது. பேசினால் நாலு வார்த்தைக்கு ஒரு இருமல் வரும், உனக்குத் தெரிந்துவிடும் என்றுதான் கடிதம் எழுதினேன். இருமலை எழுத்தில் மறைக்க முடிகிறது.

பொங்கலுக்கு நீ வந்தபோதே எனக்கு இருமல் இருந்தது. தூள் நெடி என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தெருவில் யாருக்குத்தான் இருமல் இல்லை? மூன்று நாள் என் பக்கத்திலேயே படுத்தாய். அதனால்தான் உனக்குச் சளி உண்டா, காய்ச்சல் உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். நம் ஊர் நர்ஸ் நர்மதா நேற்று வந்து பிடிபிடியென்று பிடித்துவிட்டது. "பொங்கலுக்கு நாத்தனார் வந்திருந்தாங்களா இல்லையா? அவங்களையும் டெஸ்ட் பண்ணச் சொல்லி எழுதுங்க. நீங்க எழுதலைன்னா நான் அந்த ஊர் நர்சுக்குப் போன் போடுறேன்" என்றது. அது சொன்னதுதான் சரி. நீ, மாப்பிள்ளை, அத்தை மூவரும் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருப்பதைச் சொல்லிவிட்டுச் செய்துகொள். ஏப்ரலிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். வியாதி பேர் உன் மாமியார் வீட்டில் தெரிந்தால் உன்னை என்ன நினைப்பார்களோ என்று பயந்து இரண்டு மாதம் தள்ளிவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை எழுதத்தான் கை வரவில்லை.

மாத்திரை கொடுக்க வந்த நாளில் நர்மதா வீட்டைச் சுற்றிப் பார்த்தது. கட்டிலுக்கு அடியில் தூள் சாக்கு, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஈரத்துணி சுற்றிய இலைக் கட்டு, என் மடியில் முறம். "பீடி குடிச்சாத்தான் கெடுதல்னு நினைச்சிட்டு இருக்கீங்க. சுத்துறவங்களுக்கும் அந்த நஞ்சு தோல் வழியா உள்ள போகுதுங்க. தூள் மூச்சுல போகுது. வயித்துல பிள்ளை இருக்கிறவங்க இது பக்கமே உட்காரக் கூடாது" என்றது. நான் முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தேன். முதல் தடவை நீ மூன்றாம் மாதத்தில் இங்கே வந்து பத்து நாள் இருந்தாயே. நான் ஆயிரம் முடிக்க வேண்டும் என்று பரபரத்தபோது, பாவம் அண்ணி என்று நீயும் ஒரு முறத்தை எடுத்து வைத்துக்கொண்டாயே. அந்தப் பத்தாம் நாள்தானே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்? எனக்கும் இந்த வீட்டில் மூன்று நின்று மூன்றும் போனது. நமக்கு ராசியில்லை என்று இருந்துவிட்டேன். "அதாலதான் போச்சுன்னு யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. சத்து இல்லாததும் இருக்கலாம், வேற எதுவும் இருக்கலாம். ஆனா தொடக் கூடாது, அது மட்டும் நிச்சயம்" என்று நர்மதா சொன்னது. அடித்துச் சொல்ல முடியாது என்பது எனக்கு ஆறுதலாக இல்லை புவனா.

இப்போது சொல், இந்த வீட்டுக்கு உன்னை எப்படிக் கூட்டி வருவேன்? சுவரைத் தட்டினால் தூள் விழுகிறது.

ரோஜாப் பூ புடவையை எடுத்தேன். உனக்கு இல்லாமல் யாருக்கு? மோந்து பார்த்தேன். பீடி வாசனை. வென்னீரில் போட்டு எடுத்தேன், சோடா உப்புப் போட்டேன், ஏழு தடவை துவைத்து வெயிலில் போட்டேன். காய்ந்ததும் மறுபடி அதே வாசனை. பெட்டியில் இருந்த எல்லாப் பழைய புடவையையும் பார்த்தேன். தூள் வாடை இல்லாத பழைய புடவை ஒன்றுகூட என்னிடம் இல்லை. தெருவில் கேட்கலாம் என்றால் எல்லா வீட்டிலும் அதே முறம்தான். அதனால்தான் புதுசு வாங்கி அனுப்பினேன். முறை தெரியாமல் இல்லை.

நீ எனக்குப் பாரமாம்! இருபது வருஷமாக முறம் இருந்த இந்த மடியில் அதற்கு முன்னால் உட்கார்ந்தவள் நீ. இன்னொரு தடவை அப்படி எழுதினால் பஸ் ஏறி வந்து அடிப்பேன், இருமிக்கொண்டே அடிப்பேன்.

பீடி வேலையை விட்டுவிட்டேன். அத்தையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். டெஸ்ட் மட்டும் செய்துகொள்.

உன் அண்ணி,
அம்சவள்ளி


வேப்பந்தட்டை
8.7.2025

புவனாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. அண்ணன் போன் செய்தாலும் எடுக்கவில்லை. கோபம் நியாயம்தான்.

இரண்டு மாத மாத்திரை முடிந்து மறுபடி சளி பார்த்தார்கள். கிருமி இல்லையாம். இனி யாருக்கும் என்னால் பரவாது, ஆனால் ஆறு மாதமும் முழுசாகச் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறேன்.

பதில் எழுத வேண்டாம். டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்று ஒரே ஒரு தடவை அண்ணனிடம் போனில் சொல்லிவிடு. எனக்கு அது போதும்.

அண்ணி


கீழப்பழுவூர்
11.7.2025

அம்சவள்ளிக்கு,

புவனா அத்தை தனம் சொல்ல, மகன் சக்தி எழுதுகிறேன். அம்மா சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்று உத்தரவு. எழுதுகிறேன்.

நல்லா இருக்கியா தாயி? நாங்க நல்லா இருக்கோம். ஒன் லெட்டரு வந்தப்ப மருமவ வேலைக்குப் போயிருந்தா. நான்தான் பிரிச்சேன். எதிர்வூட்டு டீச்சரக் கூப்புட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அடுத்தவங்க லெட்டரப் பிரிச்சது தப்புதான், அதுக்கு என்னய ஒரு வார்த்தை திட்டிக்க. ஆறு மாசப் புள்ளத்தாச்சி, ரெண்டு போயி மூணாவது நிக்கிது, இதப் படிச்சா அவ என்னாவான்னு பயந்து அரிசி டின்னுக்குள்ள வச்சிட்டேன். செக்கப்புத் தேதி வர்ற வரைக்கும் வாயத் தொறக்கல. வூட்டுல எல்லாரும் பாத்துக்கணுமாம்னு மட்டும் மருமவகிட்ட சொல்லி, அன்னைக்கு மூணு பேரும் போயி டெஸ்ட் பண்ணிக்கிட்டோம். யாருக்கும் ஒண்ணும் இல்ல. முந்தாநாள் ரிசல்ட்டு வந்துச்சு. பொறவுதான் லெட்டரக் குடுத்தேன். படிச்சிட்டு என்னய ஒரு மணி நேரம் திட்டுனா. ஒன்னய நெனச்சு ஒரு மணி நேரம் அழுதா. ரெண்டும் ஆயிப்போச்சு.

வியாதிப் பேரு தெரிஞ்சா நான் என்ன நெனப்பேன்னு பயந்தியாமே. எங்க வூட்டுக்காரருக்கே இந்த நோவு வந்துச்சு. சக்தி அப்ப கைப்புள்ள. தெருவுல எங்க வூட்டுத் தண்ணி குடிக்க மாட்டாங்க. மாத்திர சாப்ட்டாரு, எந்திரிச்சாரு, அதுக்கப்புறம் இருவது வருசம் ஏர் ஓட்டுனாரு. எனக்குத் தெரியாத நோவா?

ஆடி போவட்டும். ஆவணியில ஒம்பதாம் மாசம் வளகாப்பு. பொண்ணு தாய் வூட்டுக்கு வரக்கூடாதுன்னா தாய் இங்க வரட்டும். அஞ்சு சாதமும் நீதான் கிண்டிக் கொண்டாரணும், ஆள் வச்சுக் கிண்டக் கூடாது.

(என் பங்குக்கு: வாங்க அக்கா. சக்தி.)

*

அண்ணி, புவனா எழுதுகிறேன். இடம் இல்லை, நாலு வரிதான் எழுத முடியும். நீங்கள் தனியாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தபோது நான் கரடிச் சட்டைக்குச் சண்டை போட்டிருக்கிறேன். என்னை நீங்கள் மன்னியுங்கள். முதல் தடவை முறத்தை எடுத்து வைத்தது நான். நீங்கள் வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். நான் எழுத விட மாட்டேன்.

நாளைக்குப் போன் செய்வேன். இருமினாலும் பேசுங்கள்.


வேப்பந்தட்டை
8.9.2025

அன்புள்ள புவனாவுக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். நீ சுகமா? உள்ளே இருப்பது உதைக்கிறதா?

போனில்தான் தினமும் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்பாய். சில விஷயங்கள் எனக்கு எழுதத்தான் வருகின்றன, பேச வரவில்லை, அதற்கு மாத்திரையும் இல்லை.

வளைகாப்பு அன்று அண்டாக்களை இறக்கி வைத்துவிட்டு ஓரமாகத்தான் நின்றேன். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் என் கையால் கிண்டியது என்று உன் அத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வியர்த்தது. யாராவது ஒரு பெண் இலையைத் தள்ளி வைத்தால் அங்கேயே செத்திருப்பேன். அவரே முதல் ஆளாக உட்கார்ந்து, "எனக்கு வையி தாயி" என்று இலையை நீட்டினார். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவருக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, சர்க்கரைப் பொங்கலையும் விடவில்லை.

பிறகு உன் கையை என் கையில் பிடித்துக் கொடுத்து, "கூட்டிட்டுப் போ உன் வூட்டுக்கு" என்றாரே. நான் முழித்தேன். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை நாம் இருவரும் வளையல் குலுங்க நடந்து, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்ததும், "தாய் வூட்டுக்குப் போயிட்டு வந்தாச்சு, முறை முடிஞ்சுபோச்சு" என்று ஆரத்தி எடுத்தாரே. அந்த மனுஷியை நான் மறக்க மாட்டேன். அவருக்கு என் நன்றியைச் சொல். அவர் காலில் விழலாம் என்று போனேன், "இடுப்பு வலிக்கும், எந்திரி" என்று விரட்டிவிட்டார்.

இங்கே நானும் கொளஞ்சியும் இப்போது ஒரு காட்டில் சின்ன வெங்காயம் தாள் அறுக்கப் போகிறோம். அவளையும் நர்மதாவிடம் இழுத்துக்கொண்டு போய்ச் சோதித்தேன். அவளுக்கு டி.பி. இல்லை, ஆஸ்துமாவாம். மருந்து ஆரம்பித்தாயிற்று. அவள் மகள் இன்னும் சுற்றுகிறாள், சொன்னால் கேட்கவில்லை. வாசலில் காற்றாட உட்கார்ந்து சுற்று, முகத்தில் துணி கட்டு என்பது வரைக்கும் கொண்டுவந்திருக்கிறேன். வெங்காயத்திலும் கண் எரிச்சல் உண்டு. இது கொஞ்சம் அழ வைத்துவிட்டு விட்டுவிடுகிறது.

பிரசவத்துக்கு வந்து இரு என்று அத்தை கூப்பிட்டார். வருவேன். ஆனால் கடைசி மாத்திரை அக்டோபர் 28. அதை விழுங்கிவிட்டு, கடைசி டெஸ்ட்டையும் பார்த்துவிட்டுத்தான் பச்சைப் பிள்ளையைத் தொடுவேன். டாக்டர் இப்போதே போகலாம் என்றுதான் சொல்கிறார். இது என் மனசுக்காக.

உன் அண்ணி,
அம்சவள்ளி


வேப்பந்தட்டை
3.10.2025

என் தங்கத்துக்கும் தங்கத்தின் தங்கத்துக்கும்,

இருவரும் சுகமா? தையல் வலிக்கிறதா? பெண் பிள்ளை, இரண்டே முக்கால் கிலோ என்று உன் அண்ணன் தெருவில் நடந்துகொண்டே கத்துகிறார். இந்தத் தடவை கண்ணில் தூள் விழுந்தது என்று சொல்ல முடியாது, வீட்டில் தூளே இல்லை. அழுகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

அவர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்புகிறேன். பிரித்ததும் உனக்குத் தெரிந்துவிடும், நீ எடுத்துக் கொடுத்த நீலப் புடவைதான். திருப்பி அனுப்புகிறாளே என்று மறுபடி சண்டைக்கு வராதே, முழுக்கப் படி.

சளியில் கிருமி இல்லை என்று சொன்ன மறுநாள் இதைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். சுவரை அலசி வெள்ளை அடித்துவிட்டோம், சாக்கையும் முறத்தையும் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டேன். அன்றிலிருந்து இதைத்தான் கட்டுகிறேன். காலையில் துவைப்பேன், மதியம் காயும், சாயங்காலம் உடுத்துவேன். வெங்காயக் காட்டுக்கு மட்டும் கட்டிப் போகவில்லை. "ஏங்க்கா, வேற பொடவையே இல்லையா?" என்று கொளஞ்சி கேட்டாள். இருக்கிறது, இதைப் பழசாக்க வேண்டியிருக்கிறது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "மருந்து சாப்ட்டு மூளை கெட்டுப்போச்சு" என்று சொல்லியிருக்கிறாள்.

கஞ்சி போய்விட்டது. சாயம் கொஞ்சம் வெளுத்து, கை வைத்தால் நழுவுகிற மாதிரி ஆகிவிட்டது. துணியால் இந்த வியாதி ஒட்டாது என்று டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். மூன்றாம் தடவை கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் வென்னீரில் அலசித்தான் அனுப்புகிறேன். மோந்து பார். இது முறையாகப் பழைய புடவை, உன் தாய் வீட்டுப் புடவை. ஒரு நாள்கூடத் தூள் படவில்லை.

கிழித்துக்கொள். மனசு கஷ்டப்படாதே, கிழிக்கத்தான் கட்டினேன்.

உன் அண்ணி,
அம்சவள்ளி


கீழப்பழுவூர்
7.10.2025

என் அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், மறுபடி குடிக்கிறாள். உங்கள் மாத்திரை இன்னும் இருபத்தொரு நாள். நான் சுவர்க் காலண்டரில் அடித்துக்கொண்டு வருகிறேன்.

மோந்து பார்த்தேன். சோப்பும் வெயிலும்தான் மணக்கிறது. நான் பார்த்தது போதாது என்று அத்தையும் அவரும் மாறி மாறி மோந்து பார்த்தார்கள்.

அத்தை கிழிக்கப் போனார், முடியவில்லை. பழைய புடவை என்றால் கை வைத்ததும் கிழிய வேண்டும், இது வரவே மாட்டேன் என்கிறது. "மூணு மாசத்துல பழசாக்குன பொடவை, அவ்வளவு லேசுல வருமா?" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்தார். நான்தான் வெட்டினேன். அழுதுகொண்டே வெட்டினேன், அது நல்ல அழுகை அண்ணி. உங்களுக்குக் கோடி நன்றி. இந்தத் தடவை அடிக்க வேண்டுமென்றால் நேரில் வந்து அடியுங்கள்.

ஐந்து துண்டு வந்தது. நாலு துண்டை இவள் மாற்றி மாற்றி நனைத்துக்கொண்டிருக்கிறாள். முந்தானைப் பக்கத்துத் துண்டு ஒன்றை மட்டும் மடித்துத் தனியாக வைத்திருக்கிறேன். அது நீங்கள் வருகிற அன்றைக்கு. உங்கள் மடியில் அதை விரித்து, இவளைப் படுக்க வைக்க வேண்டும்.

காத்திருக்கும்,
புவனா